ஆறு வார குருகுலம்

ஏப்ரல் பிறந்தால் சென்னையில் எந்த மதில் சுவரும் சும்மா இருப்பதில்லை. நீச்சல், கீபோர்டு, கையெழுத்துத் திருத்தம், அபாகஸ், ரோபாட்டிக்ஸ், அடுப்பில்லாச் சமையல் என்று தெருவுக்கு நாலு ‘சம்மர் கேம்ப்’ பேனர் தொங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்று பெற்றோரும் கேட்ட பணத்தைக் கட்டிவிடுவார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பேனர்கள் இறங்கிவிடும். அதில் கிழியாத ஒன்றிரண்டு தெருமுனை இளநீர்க் கடைக்குக் கூரையாகப் போய்ச் சேரும். அமெரிக்காவில் பல ஊர்களில் பள்ளிக்கூடம் மூடுவது அதற்கப்புறம்தான். நியூ ஜெர்சிப் பக்கமெல்லாம் ஜூன் மூன்றாம் வாரம் வரை பாடம் நடக்கிறது. ஆக, கோடை வகுப்பு என்கிற வஸ்துவே சென்னையில் இல்லாத பருவமாகப் பார்த்து, கோடை வகுப்பு தேடிக்கொண்டு வந்து இறங்குகிறாள் நம் நாயகி.

அவளை ‘ஆறு வார அம்மா’ என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், அடையாறு, நங்கநல்லூர், எங்கே வேண்டுமானாலும் ஜூலை மாதத்தில் அவளைப் பார்க்கலாம். கையில் இரண்டு லிட்டர் பிடிக்கும் தண்ணீர்ப் புட்டி, தோளில் பை, பையில் கொசு விரட்டும் களிம்பு, பின்னால் நாலடி தள்ளி ஒரு பதினைந்து வயசுப் பிள்ளை. பிள்ளை தாத்தாவைவிட ஒரு சாண் உயரம். காதில் எதையோ செருகியிருக்கும். எது கேட்டாலும் ‘ஃபைன்’ என்று ஒரே பதில்தான். சந்தோஷத்துக்கும் அதே ஃபைன், சங்கடத்துக்கும் அதே ஃபைன். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுத் தாத்தாவின் பெண் இந்த ரகத்தில் முதல் தரம் என்பதால், வேறு உதாரணம் தேடி நான் அலையவில்லை.

அவள் வருவது ஜூனில்தானே தவிர, வேலை மார்ச்சிலேயே ஆரம்பித்துவிடும். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் நம் ஊர் நேரம் விடியற்காலை மூன்றுக்கு ஒரு செய்தி வந்து விழும்: ‘பதினைந்து வயசுப் பையனுக்கு ஜூலையில் ஏதாவது நல்ல ஷார்ட் டெர்ம் கிளாஸ் தெரியுமா?’ எங்கள் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். இதற்கு மட்டும் பதில் கொட்டும். ஒருவர் வேத கணிதம் என்பார், இன்னொருவர் யோகா. மூன்றாம் மாடிக்காரர் தன் மைத்துனர் நடத்தும் நீட் பயிற்சி மையத்தின் நம்பரைப் போடுவார். எல்லாவற்றையும் அவள் எக்ஸெல்லில் ஏற்றிவிடுவாள். எத்தனை நாள், என்ன ஃபீஸ், ஏசி உண்டா, பாத்ரூம் எப்படி, சர்டிஃபிகேட் தருவார்களா என்று வரிசையாகப் பத்தி. சர்டிஃபிகேட் பத்திக்கு மட்டும் பச்சை வண்ணம்.

அந்தப் பச்சைக்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஏராளமான கல்லூரிகள் ஏற்கிற பொது விண்ணப்பம் ஒன்று உண்டு. பாடத்துக்கு வெளியே பிள்ளை என்னென்ன செய்தான் என்று சொல்ல அதில் பத்து இடம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. எங்கள் கீழ்வீட்டுப் பையனுக்கு ஏழு நிரம்பிவிட்டது. மீதி மூன்றை நிரப்பத்தான் எட்டாயிரம் மைல் பறந்து வந்திருக்கிறார்கள். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, “அதுக்காக மட்டும் இல்ல மாமா, கல்ச்சரும் தெரியணும் இல்லையா?” என்றாள். 150 எழுத்துக்குள் அடங்குகிற கல்ச்சர் எது என்பதில்தான் சிக்கல்.

ஆறு வாரம் என்பது பேச்சுக்குத்தான். முதல் வாரம் தூக்கத்தில் போய்விடும். ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் பையன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடிகாலை ஐந்து மணிக்குச் சிலம்பம் சொல்லித்தருகிறார்களே, அதற்கு அவன் தயாராக இருந்தது அந்த ஒரு வாரம்தான். விசாரித்து, நம்பர் வாங்கி, மாஸ்டரைப் பிடித்துப் பேசி முடிப்பதற்குள் அவன் உடம்பு நம் ஊர் நேரத்துக்குப் பழகிவிட்டது. பிறகு பதினொரு மணிக்கு முன்னால் அவனை எழுப்ப முடியவில்லை. இரண்டாம் வாரம் குலதெய்வம், திருப்பதி, சித்தப்பா பெண் சீமந்தம். அப்புறம் பல் டாக்டர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பல் வைத்தியமும் பிளவுஸ் தைப்பதும் தாய்நாட்டுக் கடமைகள். இதெல்லாம் போக மிஞ்சுகிற மூன்று வாரத்துக்குள்தான் அவள் குருவைத் தேட வேண்டும்.

தேடுகிற முறையிலேயே ஒரு மாற்றம் நடப்பதைக் கவனித்திருக்கிறேன். வந்த புதிதில் எந்த ஃபீஸைச் சொன்னாலும் மனசுக்குள் டாலராக்கி, “அவ்வளவுதானா?” என்று முகம் மலர்வாள். தண்ணீர்ப் புட்டியையும் பையனின் முக்கால் நிஜாரையும் பார்த்தவுடனேயே டீச்சர்கள் கட்டணத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. மூன்றாம் வாரம் தண்ணீர்ப் புட்டி வீட்டிலேயே தங்கிவிடும். அதற்குள் அவளும் பழையபடி லோக்கல் ஆகிவிடுவாள். “எட்டு கிளாஸுக்கு நாலாயிரமா? அநியாயமா இருக்கே, நாங்க லஸ்ல கேட்டோம், மூவாயிரம்னாங்க” என்று அவள் பேரம் பேசுவதை நான் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். லஸ்ஸில் அவள் யாரையும் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும்.

பாட்டு வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். பையன் எட்டு வயசிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்கிறான், ஆன்லைனில். டீச்சர் எங்கள் பேட்டைதான், இரண்டு தெரு தள்ளி. இத்தனை வருஷம் திரையில் பார்த்தவரின் எதிரில் சம்மணம் கட்டி உட்கார்ந்து ஒரு வர்ணமாவது பாடம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நியாயமான ஆசைதான். வெற்றிலை, பாக்கு, பழம், புடவையோடு தட்டை ஏந்திக்கொண்டு போனார்கள். டீச்சரும் வாய் நிறைய வரவேற்று காபி கொடுத்தார். வகுப்பு என்றதும் டைரியைப் புரட்டினார். காலை நாலரையிலிருந்து ஏழரை வரை நியூ ஜெர்சி, வட கரோலினா, டெக்சாஸ். அப்புறம் ஒரு மணி நேரம் சிங்கப்பூர். சாயங்காலம் துபாய், ராத்திரி லண்டன். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதிலும் காத்திருப்போர் பட்டியல்.

“உங்களுக்குன்னு ஒரு ஸ்லாட் இருக்கேம்மா, காலம்பற அஞ்சரை. அதையே ஏன் விடறீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“அது ஆன்லைன் ஸ்லாட் இல்லையா, டீச்சர்?”

“ஆமாம். அந்த நேரத்துக்கு வீட்ல எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க. நேர்ல வந்தா கதவு திறக்கறது, கேட் சத்தம்னு சிரமம். பையன் லேப்டாப்லயே வரட்டுமே.”

ஆகையால் அந்த ஜூலை முழுக்க, பதினொரு மணிக்கு எழுகிறவனை அஞ்சேகாலுக்கு அம்மா உலுக்கி எழுப்ப, மயிலாப்பூரில் இருக்கும் டீச்சரிடம் மயிலாப்பூரில் இருக்கும் மாணவன் லேப்டாப் வழியாகப் பாடம் கேட்டான். டீச்சர் வீட்டுத் தெருவில் பால் வண்டி மணியடித்தால் அவனுக்கு முதலில் ஜன்னல் வழியாகவும், ஒரு நொடி கழித்துத் திரை வழியாகவும் கேட்கும். நியூ ஜெர்சியில் இருக்கும்போது சிக்னல் இதைவிட நன்றாக இருந்ததாம்.

சதுரங்கத்தைச் சென்னையில் கற்காமல் வேறு எங்கே கற்பது என்று அடுத்து அவளுக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த் இந்த ஊர்க்காரர். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்தையே கறுப்பு வெள்ளைக் கட்டமாக வண்ணம் அடித்தார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயசில் உலக சாம்பியன் ஆன பிறகு, செஸ் கோச்சிங் பலகை இல்லாத தெருவைச் சென்னையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பையனும் அவன் பள்ளி அணியில் மூன்றாம் பலகையில் ஆடுகிறவன். முதல் நாள் கோச் ஒரு ‘ட்ரையல் கேம்’ ஆடச் சொன்னார். எதிரில் கால் தரையில் எட்டாத ஒரு பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு. ஒரு கையில் முறுக்கு. பதினெட்டாவது நகர்த்தலில் குழந்தை நிமிர்ந்து பார்த்து, “அண்ணா, ரிசைன் பண்றீங்களா, இல்ல நான் முறுக்கு முடிச்சிட்டு வரட்டுமா?” என்று கேட்டது. ‘ஃபைன்’ என்றான் பையன். அந்த ஒரு ஃபைனில் மட்டும் நிஜமான உணர்ச்சி இருந்தது என்று அவன் தாத்தா சொல்கிறார். எக்ஸெல்லில் அந்த வரிசை அன்று மாலையே நீக்கப்பட்டது.

அவளிடம் எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு. “இது எத்தனை கிளாஸ்ல முடியும்?” சென்னையில் எந்த வாத்தியாருக்கும் இதற்குப் பதில் சொல்லத் தெரியாது. மிருதங்க வாத்தியார் சற்று நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கு அறுபத்திரண்டு வயசு ஆறதும்மா. இன்னும் முடியல” என்றார். அவர் தத்துவம் பேசவில்லை. ஃபீஸ் கணக்கு போட வராமல் உண்மையைச் சொல்லிவிட்டார். கலாக்ஷேத்ராவில் பரதநாட்டியப் பட்டயம் நாலு வருஷம் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னபோது, “அதுல ஏதாவது ஃபாஸ்ட் ட்ராக் இருக்கா மாமி?” என்று இவள் கேட்டாள். மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீணை டீச்சர் முடியும் நாளைப் பற்றியே பேசவில்லை. ஆரம்பிக்கும் நாளில்தான் தகராறு. ஒரு வழியாக அவரைத் தேடிப் பிடித்தபோது ஜூலை இருபது.

“ஆடி பொறந்துடுச்சேம்மா. புதுசா எதுவும் ஆரம்பிக்கறதில்லை. ஆவணியில வெச்சுக்கலாமே.”

“ஆவணியில நாங்க எடிசன்ல இருப்போம், டீச்சர்.”

“அப்ப விஜயதசமிக்கு வந்துடுங்க. ரொம்ப விசேஷம்.”

ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு டிக்கெட் வைத்திருக்கிறவளிடம் அக்டோபரைக் காட்டினால் என்ன செய்வாள்? வெளியே வந்ததும் எரிச்சலோடு, “புடவைக்கெல்லாம் ஆடித் தள்ளுபடி குடுக்கறாங்க, வித்தைக்கு மட்டும் கடையை மூடிடறாங்க” என்றாள். அவள் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தஞ்சாவூர் ஓவியம் மட்டும் கைகொடுத்தது. எட்டு வகுப்பில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன் உத்தரவாதம் என்று பலகையிலேயே எழுதியிருந்தார்கள். எத்தனை கிளாஸ் என்று தானாகவே சொன்ன இடத்தை அவள் விடுவாளா? ஆனால் இந்தச் சீசனில் சிறுவர்கள் எல்லோரும் பகலில் பள்ளியிலும் மாலையில் டியூஷனிலும் இருப்பதால், பதினொரு மணி வகுப்பில் இருந்தவர்கள் முழுக்க ரிட்டயர்டு வங்கி அதிகாரிகளும் அவர்களுடைய சம்பந்திகளும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் மேடு எழுப்ப வேண்டும். மக்கு வேலை என்பார்கள். அது காயும் வரை தொடக்கூடாது. அதற்கு மேல்தான் கல் பதித்துத் தங்கத் தகடு ஒட்டுவது. ஆடிக் காற்றில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தகட்டைக் கத்தரிக்கோலால் நறுக்கும்போது மூச்சுக்கூட விடக்கூடாது. பையனுக்கு இது ஒத்துவந்தது. யாரும் பேச வேண்டியதில்லை அல்லவா? ஆனால் மக்கு காய்கிற நேரமெல்லாம் சுற்றியிருந்த பாட்டிகள் அவனைக் குடைந்தார்கள். அப்பா எந்தக் கம்பெனி, என்ன விசா, பச்சை அட்டை வந்துவிட்டதா, பூர்வீகம் எது? ஆளுக்கொரு சம்புடத்தில் சீடை, தட்டை, ரிப்பன் பக்கோடா. எட்டு வகுப்பு முடிவில் கிருஷ்ணன் கொஞ்சம் மெலிந்திருந்தான், பையன் இரண்டு கிலோ ஏறியிருந்தான். பாட்டிகளில் ஒருவர் தன் பேத்தியின் போட்டோவையும் காட்டியிருக்கிறார். பதினைந்து வயசுதான் என்று சொன்னதும், “அதனால என்ன, சொல்லி வெக்கறேன்” என்றாராம்.

இவ்வளவு அலைச்சலையும் கீழ்வீட்டுப் பாட்டி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பரணிலிருந்து பித்தளை அண்டா இறக்க என்னைக் கூப்பிட்டார். அண்டாவுக்குப் பின்னால் தந்தி அறுந்த ஒரு வீணை. “இவளோடதுதான். ஆறு மாசம் போனா.” அதன் பக்கத்தில் எம்பிராய்டரி வளையம், அதில் ஒரு காலும் பாதி அலகும் இல்லாத மயில். இந்தி பிரசார சபையின் பிராத்மிக் புத்தகம், அட்டை போட்டு, முதல் பன்னிரண்டு பக்கம் வரை அடிக்கோடிட்டு. சென்னையில் நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பரண் எதைத் துழாவினாலும் ஏறக்குறைய இதே சாமான்கள்தான் வரும். என் வீட்டிலும் உண்டு. கோடைக்கு ஒரு வகுப்பில் சேர்வது, பள்ளி திறந்ததும் நிற்பது என்பது அந்தக் காலத்து நடைமுறை. யாரும் எதையும் முடித்ததாக எனக்கு நினைவில்லை. முடிக்கவில்லையே என்று யாரும் வருந்தியதாகவும் இல்லை.

இதற்கிடையில் தாத்தா ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். மருந்துக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி, காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை மணிக்கொரு பேட்ச். உலகமே கணினிக்கு மாறிய பிறகும் இந்த மாடிகளில் கூட்டம் குறையவில்லை. குரூப் நாலில் டைப்பிஸ்ட் வேலைக்கு லோயர், ஹையர் சான்றிதழ் வேண்டும் அல்லவா? தடதடவென்று பன்னிரண்டு மிஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தத்தில் பையன் வாசலிலேயே நின்றுவிட்டானாம். காதில் செருகியிருந்ததைக் கழற்றினான் என்கிறார் தாத்தா.

விஷயம் என்னவென்றால், அவன் ஊரில் பசங்கள் ‘கிளிக்’கென்று சத்தம் போடுகிற கீபோர்டை நூறு, நூற்றைம்பது டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். சத்தம் போதவில்லை என்று உள்ளே ஏதேதோ மாற்றிப் பொருத்துகிறார்கள். இங்கே பழைய ரெமிங்டன் ஒன்று, சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு, மாதம் சில நூறு ரூபாய்க்கு, வரி முடிந்தால் மணியும் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. வாத்தியார் பின்னால் நின்று, “கையைப் பார்க்காதே, பேப்பரைப் பாரு” என்று ஒரே வாக்கியம். இடது சுண்டு விரலுக்கு ‘ஏ’யை அமுக்கத் தெம்பில்லை. எஸ் டி எஃப் எல்லாம் கறுப்பாக விழ, ஏ மட்டும் காகிதத்தில் பட்டும் படாமலும் நின்றது. அதைச் சரிப்படுத்த மூன்று நாள், தானாகவே காலை ஏழு மணி பேட்சுக்கு எழுந்து போனான். பாட்டு வகுப்பை முடித்துவிட்டு நேராக அங்கேதான். பக்கத்து மிஷினில் பிளஸ் டூ முடித்த பெண், இந்தப் பக்கம் போலீஸ் வேலைக்கும் சேர்த்துத் தயாராகிற ஒரு பையன். சென்னைக்கு வந்த பிறகு அறுபது வயசுக்குக் கீழே அவன் பேசிய முதல் மனிதர்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை நான் சேர்க்கவில்லை.

தங்கத் தகடு ஒட்டின விரலில் கறுப்பு ரிப்பன் மை எப்படி வந்தது என்று ஆராய்ந்ததில் விஷயம் வெளியே வந்தது. அம்மா கொதித்துப் போனாள். “டைப்ரைட்டிங்கா? இதை எங்கப்பா எழுதறது? காலேஜ்ல சிரிப்பாங்க!” என்று தாத்தாவிடம் சண்டை. ஒரு ராத்திரி யோசித்திருக்கிறாள். காலையில் முகம் தெளிந்திருந்தது. ‘அழிந்துவரும் இயந்திரக் கலையொன்றை அதன் கடைசி ஆசான்களிடம் பயின்றார்’ என்று 150 எழுத்துக்குள் அவளுக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. கடைசி ஆசான் அந்த நேரம் அடுத்த பேட்சுக்கு இடமில்லை என்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

வரி கிடைத்துவிட்டால் சர்டிஃபிகேட் வேண்டாமா? புறப்பட ஆறு நாள் இருக்கையில் இன்ஸ்டிட்யூட் மாடிப்படி ஏறினாள். துணைக்கு நானும் போனேன். எழுபதைத் தாண்டிய வாத்தியார், மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, சிவப்பு மையால் யாருடைய தப்புகளையோ சுழித்துக்கொண்டிருந்தார்.

“சார், பையனுக்கு லோயர் சர்டிஃபிகேட் எப்படியாவது...”

“அது சர்க்கார் பரீட்சைம்மா. வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஆகஸ்டுக்குப் பணம் கட்டற தேதி முடிஞ்சாச்சு. இனிமே பிப்ரவரி.”

“பிப்ரவரியில அவனுக்கு ஸ்கூல். நீங்களே ஒரு டெஸ்ட் வெச்சுக் குடுக்கக் கூடாதா? நிமிஷத்துக்கு முப்பது வார்த்தைதானே? அடிச்சுடுவான் சார்.”

“அவன் அடிப்பான். இன்னும் ரெண்டு மாசம் இருந்தா அடிப்பான்.” வாத்தியார் அப்போதுதான் நிமிர்ந்து அவளை முழுசாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “நீங்க கீழத்தெரு ஏஜி ஆபீஸ் சார் பொண்ணு இல்ல? காலை ஏழு மணி பேட்ச், மூணாவது மிஷின்?”

அவள் பதில் சொல்லாமல் மூன்றாவது மிஷினைப் பார்த்தாள். அதில் பையன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

“லோயருக்குப் பணம் கட்டிட்டு பரீட்சைக்கே வரல நீங்க” என்று வாத்தியார் மேசையின் கீழ் இழுப்பறையைத் துழாவ ஆரம்பித்தார். “இருங்க, உங்க ஹால் டிக்கெட் இங்கதான் எங்கேயோ இருக்கு.”